மலையுச்சிப் புல்வெளியும் 'தரிசு' என்னும் சொல்லும்

இலங்கை மலைநாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் காட்டிலே தொடங்கி, கோப்பித் தோட்டத்தின் வழியாக நடந்து, தேயிலையில் வந்து முடிப்பர். அழிந்த காடும், அவ்விடத்தில் எழுந்த தோட்டமும், அத்தோட்டத்தில் உழைத்த மக்களும் ஓரளவுக்கேனும் நமது ஏடுகளில் இடம்பெற்றுள்ளனர். ஆனால், காட்டுக்கும் தோட்டத்துக்கும் மேலே, முகில் தவழும் உயரத்தில், பல்லாயிரம் ஆண்டுகளாக விரிந்து கிடக்கும் புல்வெளிகளுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. மரமில்லாத நிலம் பயனில்லாத நிலம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் இயல்பாக எழுந்ததன்று. அது சட்டத்தால் வகுக்கப்பட்டது, வரிப்புத்தகத்தால் வளர்க்கப்பட்டது, பாடப்புத்தகத்தால் நிலைநிறுத்தப்பட்டது. 'தரிசு' என்ற ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்வோமாயின், மலைப் புல்வெளியின் வரலாறும் உடன் துலங்கும்.

இப்புல்வெளிகளைச் சிங்கள மக்கள் 'பத்தன' என்பர். மலையகத் தமிழர் அதனைப் 'பத்தனை' என வழங்குவர். தலவாக்கலைப் பக்கத்தில் அப்பெயரிலேயே ஓர் ஊரும் உண்டு. ஊவாப் பகுதியின் தாழ்ந்த குன்றுகளிற் காணப்படுவன உலர் பத்தனைகள். நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்நிலங்களில் உள்ளவை ஈரப் பத்தனைகள். பின்னவற்றுள் தலையாயது ஹோட்டன் சமவெளி. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரையுள்ள உயரத்தில், சுமார் 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்த இம்மேட்டுநிலத்தில் புல்வெளியும் குறுங்காடும் மாறிமாறிக் கிடக்கின்றன. இந்நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களான கிரிகல்பொத்தையும் தொட்டுப்பொல மலையும் இதன் எல்லைக்குள் நிற்கின்றன.

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஒரே நிறமாகத் தோன்றும் இவ்வெளி, அணுகிப் பார்ப்பார்க்குப் பல குடிகள் வாழும் ஊர்போற் காட்சி தரும். மேட்டுப்பாங்கான இடங்களில் கொத்துக் கொத்தாய் வளரும் குத்துப்புல். நீரோடைகளின் இரு கரையிலும் இடுப்பளவே வளரும் குற்றுமூங்கில். சதுப்பான பள்ளங்களில், மண்ணிற் கிடையாத சத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறும் சின்னஞ்சிறு செடிகள். இடையிடையே, வளைந்து முறுக்கிய கிளைகளோடு தனித்து நிற்கும் ரொடொடெண்ட்ரன் மரங்கள். சிங்களத்தில் 'மகா ரத்மல்', அதாவது பெருஞ்செம்மலர், என்று பெயர்பெற்ற இம்மரம், தடித்த பட்டையை உடைமையால் புல்லைச் சுட்டெரிக்கும் தீயிலும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். வெளியைச் சூழ்ந்துள்ள குறுங்காட்டில் 'கீன' முதலிய மரங்கள் காற்றின் தாக்குதலால் நெடிதோங்காது குடைபோல் விரிந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் நெலுச் செடிகள் செறிந்துள்ளன.

இவ்விடத்தில் மரம் ஏன் புல்லை வென்று பரவவில்லை என்ற வினா எழுதல் இயல்பே. இரவில் குளிர்ந்த காற்று கனம் மிகுந்து பள்ளங்களில் வந்து தேங்குகிறது. மார்கழி முதல் மாசி வரையுள்ள காலத்தில் அப்பள்ளங்களில் உறைபனி படியும். ஓரிரவுப் பனி மரக்கன்றின் குருத்தைக் கருக்கிவிடும். புல்லுக்கோ வளர்முனை அடியிலே, மண்ணையொட்டி, பழைய தாள்களின் மறைவில் இருக்கின்றது. பனி கருக்கினும், மரை மேய்ந்தாலும், தீ எரித்தாலும் அது மீண்டும் துளிர்க்கும். தென்மேல் பருவக் காற்றின் வேகமும், நீர் தேங்கிப் புளித்த மண்ணும் மரக்கன்றுக்கு மேலும் இடையூறாகின்றன. ஆகவே, பள்ளத்தில் புல்லும் மேட்டில் காடுமாக ஓர் ஒழுங்கு அமைந்துள்ளது.

அவ்வொழுங்கின் பயனை அனுபவிப்போர் மலையில் வாழ்வோர் மட்டுமல்லர். குளிரில் தாவரக்கழிவு முற்றும் மட்குவதில்லை. ஆண்டாண்டாகச் சேர்ந்து கரிய மண்ணாகத் திரளும் அக்கழிவு மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையற்ற நாளிலும் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றது. காட்டோரத்து மரங்களைப் போர்த்திய பாசிகள் முகிலிலிருந்தே நீரை வடித்தெடுக்கின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கின்றது. மகாவலியின் நீரால் விளையும் நெல்லை உண்பவரும், களனியின் நீரைக் குழாயிற் பெறும் தலைநகர மக்களும் இப்புல்லுக்குக் கடன்பட்டவர்களே.

இம்மண்ணின் கருமைக்கு மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. அனுமன் தன் வாலிற் பற்றிய தீயால் இப்பகுதியை எரித்தான். அதனாலேயே மண் கறுத்தது என்பர். சீதா எலியப் பக்கத்தில் இக்கதையை இன்றும் கேட்கலாம். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், இவ்வெளிக்கும் தீக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டென்பதை மக்கள் நினைவு தன் மொழியிலே பாதுகாத்து வைத்துள்ளது என்றும் கொள்ளலாம்.

இத்தொடர்பின் தன்மையை அறிஞர் நீண்டகாலம் ஆராய்ந்து வந்துள்ளனர். 1899இல் பியர்சன் என்ற தாவரவியலாளர் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி விரிவானதோர் ஆய்வை வெளியிட்டார். 1951இல் ஹோம்ஸ் என்பவர் புல்நிலங்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். காடு மனிதனால் எரிக்கப்பட்டதனாற் பிறந்ததா பத்தனை, அன்றி இயற்கையிலேயே அமைந்ததா என்பதே அக்காலத்துப் பெருவினா. பிற்காலத்தில் ரத்னசிறி பிரேமதிலக்கவும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தோரும் ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணைத் துளைத்தெடுத்து, அதில் அடுக்கடுக்காய்ப் புதைந்திருந்த மகரந்தத் துகள்களைப் படித்தனர். இருபதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அம்மண்ணில் எழுதப்பட்டிருந்தது. பனியூழியின் உச்சத்தில், நாடு வறண்டு குளிர்ந்திருந்த காலத்தில், அங்கே புல் பரந்திருந்தது. பின்னர் பருவமழை வலுத்தபோது காடு விரிந்தது. அதே மண்ணில் ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர் தீயிட்டமைக்கும் கால்நடை மேய்த்தமைக்கும் உரிய தடயங்கள் உள்ளன என்பதும் அவர்களது முடிபு. ஆக, இப்புல்வெளி காலநிலையின் குழந்தை. மனிதன் கைபட்டு வளர்ந்த குழந்தையுமாகும்.

இதற்குத் தாவரங்களே வேறொரு சான்றாகின்றன. இங்கே புல்லிடையே மலரும் சிறு நீலநிற ஜென்ஷியனுக்கும், ரொடொடெண்ட்ரனுக்கும் உறவினரைத் தேடிச் செல்வோமாயின், இடையிலுள்ள வெப்பச் சமவெளிகளையெல்லாம் கடந்து நீலகிரியிலும் இமயத்திலுமே அவ்வுறவினரைக் காண்போம். உலகம் குளிர்ந்திருந்த ஊழியில் பரவிய இனங்கள், வெப்பம் மிகுந்தபோது மலையுச்சிகளில் ஒதுங்கின. கடல் நடுவே தீவு அமைவதுபோல, வெப்பநாட்டின் நடுவே அமைந்த குளிர்த்தீவுகள் இம்மலைகள்.

தமிழிலக்கியம் கற்றோர்க்கு மலைநிலம் என்றதும் குறிஞ்சி நினைவுக்கு வரும். நிலத்துக்கு ஒரு மலரின் பெயரைச் சூட்டிய நம் முன்னோர், அந்நிலத்தின் கருப்பொருளாக மரம், மலர், விலங்கு, பறவை என்பவற்றை மட்டுமன்றி, அங்கு வாழும் மக்களையும் அவர்தம் தொழிலையும் சேர்த்தே எண்ணினர். இவ்வைந்திணைப் பாகுபாட்டிற் 'பயனற்ற நிலம்' என்றொரு வகை இல்லாமை மனங்கொள்ளத்தக்கது. பாலைக்கும் தெய்வமுண்டு, மக்களுண்டு, பறையுண்டு. அப்பாலையைத் தனிநிலமெனக் கொள்ளாது, குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் நலிந்தபோது தோன்றும் நிலை எனச் சிலப்பதிகாரம் கூறுவதும் கருதத்தக்கது. ஒரு நிலம் கெடலாம், கெடுக்கப்படலாம் என்ற உணர்வு அதில் உண்டு. சங்கப் புலவர் பாடிய மலைச்சாரல் தினைப்புனமும் வேங்கையும் நிறைந்த தாழ்சரிவே. உறைபனி விழும் உச்சிவெளியன்று. ஆயினும், நிலத்தையும் அதன் தாவரத்தையும் அதன் உழைப்பையும் பிரித்துப் பாராத அந்நோக்கு நமக்கு இன்றும் பயன்படும். குறிஞ்சி மலருக்கும் ஹோட்டன் சமவெளியின் நெலுவுக்கும் உள்ள உறவும் குறிப்பிடத்தக்கது. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆண்டுகள் பல காத்திருந்து, ஒருமுறை திரளாகப் பூத்து, விதை விட்டு மடிபவை. நீலகிரிக் குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை புல்வெளிச் சரிவுகளில் மலர்வது. 2006இலும் 2018இலும் மலர்ந்தது. நெலுவோ காட்டின் நிழலில் வாழ்வது.

இனி, 'தரிசு' என்ற சொல் இம்மலைக்கு வந்த வரலாற்றை நோக்குவோம். கீழ்நாட்டுக் கிராம மக்கள் இச்சமவெளியை 'மகா எலிய', அதாவது பெருவெளி, என்று அழைத்து வந்தனர். 1834இல் ஃபிஷர், வாட்சன் என்ற இரு ஆங்கிலப் படையதிகாரிகள் வேட்டையாடிக்கொண்டு இங்கு வந்து சேர்ந்தனர். தாம் இதனைக் 'கண்டுபிடித்ததாக' அறிவித்து, அந்நாளில் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினர். பெயருள்ள நிலம் ஒன்று பெயரற்றதாகக் கருதப்பட்டது இங்கே முதற்படி.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இரண்டாம் படி. காடாகவோ தரிசாகவோ, குடியேற்றமோ பயிரோ இன்றியோ உள்ள நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியது என அச்சட்டம் கூறிற்று. நிலம் தன்னுடையதென நிறுவும் பொறுப்பு ஓலையும் உறுதியும் இல்லாத கிராமத்தவன் தலையிலே சுமத்தப்பட்டது. மாடு மேய்த்த வெளியும், விறகெடுத்த காடும், ஆண்டுகள் இடைவிட்டுப் பயிரிட்ட சேனையும் ஒரே சொல்லால் அரசின் உடைமையாயின. ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் விற்கப்பட்ட அக்காணிகளை வாங்கியோருள் அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தரே முன்னின்றனர். 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இம்முறையை மேலும் இறுக்கிற்று.

ஈண்டு ஒரு முரண் உண்டு. கோப்பித் துரைமார் நாடியது காட்டு மண்ணையே. பத்தனை மண் புளிப்பானது, சத்துக் குறைந்தது என்று அதனை ஒதுக்கினர். எனவே காடு வீழ்ந்தது, புல் தப்பியது. 1869இல் கோப்பி இலைநோய் தோன்றி, சில ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. தேயிலையோ கோப்பியைவிட உயரத்திலும் வளரக்கூடியது. எஞ்சிய காடும் போய்விடும் என்ற நிலையில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டுமெனத் தாவரவியலாளர் சேர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். அவ்வாலோசனையை ஏற்று வெளியிடப்பட்ட ஆணையே உச்சிநிலத்தின் ஒரு பகுதி தப்பியதற்குக் காரணம். ஆற்றின் ஊற்றுக்கண் வற்றினால் தோட்டமும் வற்றும் என்ற கணக்கு அதிலே இருந்திருக்கும். ஆயினும், அவ்வாணை நன்மை செய்தது என்பதை மறுத்தற்கில்லை.

காடு காப்பாற்றப்பட்டபோதும் புல்வெளி வெறுமையானதென்ற கருத்து மாறவில்லை. வெறுமையானதை நிரப்ப வேண்டும் என்ற ஆசை பிறந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சமுவேல் பேக்கர், ஆங்கில நாட்டுப் பண்ணையொன்றை அங்கே அமைக்க முயன்று, ஆட்களையும் மாடுகளையும் வேட்டைநாய்களையும் கப்பலிற் கொண்டுவந்தார். மரையை நாய்களைவிட்டுத் துரத்திக் கொல்வது துரைமாரின் பொழுதுபோக்காயிற்று. இச்சமவெளியில் உலவிய யானைகள் அற்றுப்போயின. ஓடைகளில் அந்நிய ட்றவுட் மீன் விடப்பட்டது. தாய்நாட்டு நினைவாகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் மலர் முட்புதரான கோர்ஸ், தோட்ட வேலியைத் தாண்டிப் பத்தனையிற் பரவியது. இன்று அதனை வேரோடு அகற்ற ஆண்டுதோறும் பாடுபட வேண்டியிருக்கிறது.

வெள்ளையர் சென்ற பின்னரும் அச்சொல் செல்லவில்லை. 1960களில் ஹோட்டன் சமவெளியின் ஒரு பகுதி உழப்பட்டு விதை உருளைக்கிழங்கு நடப்பட்டது. 1970களிலும் 1980களிலும் மலைநாட்டுப் பத்தனைச் சரிவுகள் பலவற்றில் அமெரிக்கப் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. காடு வளர்க்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட காரியமே அது. ஆனால், பைன் ஊசியிலைகள் தடித்துப் படிந்த தரையில் நம் நாட்டுச் செடிகள் எளிதில் முளைப்பதில்லை. கோடையில் அது தீக்கு இரையாகின்றது.

இவ்வழியில் இன்னும் நெடுந்தூரம் சென்றால் என்ன நேரும் என்பதை அறிய, ஒரே தாவரக் குடும்பத்தின் மற்றொரு வீடாகிய நீலகிரியை நோக்குதல் வேண்டும். அங்கும் சோலைக் காடும் புல்வெளியும் இணைந்தே கிடந்தன. 1993இல் இராமன் சுகுமாரும் பிறரும் அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்து, பனியூழியின் உச்சத்திலேயே புல் அங்கு மிகுந்திருந்தமையை எடுத்துக்காட்டினர். அப்புல்வெளி தோடர் என்னும் மக்களின் எருமை மேய்ச்சல் நிலம். எருமையும் பால்மனையும் அவர்தம் வாழ்வும் வழிபாடுமாகும். கோயிற் கூரையை வேய்வதற்குரிய புல்லும் அங்குள்ள சதுப்பிலேயே வளர்வது. 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் அம்மலைக்குச் சென்றபின் உதகமண்டலம் எழுந்தது. ஊருக்கும் படைமுகாமுக்கும் விறகு வேண்டியிருந்தது. 1840களில் அவுஸ்திரேலிய யூகலிப்டசும் சீகை மரமும் வந்தன. சுதந்திரத்தின் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும், சிறுமுகையில் எழுந்த செயற்கைப்பட்டு ஆலையின் மரக்கூழுக்காகவும் அவை பன்மடங்கு பெருகின. இன்று பழைய புல்வெளியிற் சிறுபகுதியே எஞ்சியுள்ளது. நீலகிரியின் கிளன்மோர்கன் பகுதியில் நடந்த நீர்ப்பிடிப்பு ஆய்வு, புல்வெளியில் யூகலிப்டஸ் நட்ட முதற் பத்தாண்டில் ஓடைநீர் ஏறத்தாழ 16 வீதம் குறைந்ததைக் காட்டியது. தரிசை வளமாக்கியதாகச் சொன்னவர்கள், தோடருக்கு மேய்ச்சலையும் கீழ்நாட்டு உழவருக்கு நீரையும் குறைத்தனர். இலாபம் ஆலைக்குப் போயிற்று.

இலங்கையின் உச்சிவெளி அவ்வளவுக்குக் கெடவில்லை. 1969இல் ஹோட்டன் சமவெளி இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இது பெரும்பேறு. ஆயினும், வேலிக்குள் இருக்கும் புல் மரபுரிமை, வேலிக்கு வெளியே இருக்கும் அதே புல் தரிசு என்ற நிலை அறிவுக்குப் பொருந்துவதன்று. பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஊவாவிலும் நுவரெலியாவிலும் உள்ள பத்தனைகளுக்கு அத்தகைய காவல் இல்லை.

இன்னுமொன்றையும் கூறாது விடல் நேர்மையாகாது. மலைநாட்டின் அழிவைப் பற்றிப் பேசும்போது, விறகு பொறுக்கும் தோட்டத் தொழிலாளியைச் சுட்டிக் குற்றஞ்சாட்டும் வழக்கம் படித்தவரிடையே உண்டு. காட்டை வெட்டுவித்தவர் யார், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்ற வினாக்கள் அப்போது மறக்கப்படுகின்றன. நிலத்தை உரியவரற்றது என்று எழுதிய சட்ட மனப்பான்மையே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அந்நிலத்தைத் திருத்திய மக்களை நாடற்றவராக்கியது. பல தலைமுறை உழைத்தும், லயத்து அறைக்கு அப்பால் ஒரு பேர்ச் காணிக்கும் உறுதியில்லாத குடும்பங்கள் இன்றும் பல. அடுப்பெரிக்க வேறு வழியும், தனக்கென்று ஒரு துண்டு நிலமும் இல்லாத ஒருவரிடம் காட்டைக் காக்கும்படி உபதேசிப்பது யாருக்குப் பயன்? மலையைக் காக்கும் கோரிக்கையும் மலையில் உழைப்போரின் காணியுரிமைக் கோரிக்கையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டியவை. நிலத்தின் கருப்பொருளோடு மக்களையும் எண்ணிய நம் பழைய இலக்கணம் கற்பிப்பதும் அதுவே.

ஆகவே, நாம் செய்யத்தக்கன சில உண்டு. புவியியற் பாடத்தில் 'வெற்றுப் புல்நிலம்' என்று மாணவர் எழுதுமிடத்தில், அங்கே வளரும் புல்லின் பெயரையும் அது தேக்கும் நீர் போய்ச்சேரும் ஆற்றின் பெயரையும் எழுதச் செய்யவேண்டும். காணிப் பதிவேடுகளிலும் திட்ட அறிக்கைகளிலும் பத்தனை தனியொரு நிலவகையாகக் குறிக்கப்படவேண்டும். மரநடுகை இயக்கங்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன, அவை வரவேற்கத்தக்கன. காடிருந்து அழிந்த சரிவுகளும், கைவிடப்பட்ட தேயிலைக் காடுகளும் கன்றுகளுக்காகக் காத்திருக்கின்றன. கன்றையும் மண்வெட்டியையும் ஏந்தி மாணவர் படை மலையேறும்போது, ஆசிரியர் முதலில் அவர்களைப் பத்தனையின் ஓரத்தில் நிறுத்தி, குழி தோண்டுமுன் அங்கே ஏற்கெனவே என்னென்ன வளர்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லவேண்டும்.